என்ன பிரயோசனம்?

"மாமா, இவ்வளவு படித்தவரைப் பார்த்து, 'இதனால் என்ன பிரயோசனம்?' என்று கேட்கலாமா?"

அக்கா மகன் உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திரம்' நூலில் விரலை வைத்தபடி நின்றான். விரலுக்குக் கீழே 21-10-1880 என்ற தேதி. நான் என்றோ பென்சிலால் இட்ட கோடு.

கும்பகோணம். உ.வே.சாமிநாதையருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். தாம் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். எதிரே அமர்ந்திருந்த முன்சீப் (நீதிபதி) சேலம் இராமசுவாமி முதலியார் அசரவில்லை. 'இதனால் என்ன பிரயோசனம்?' என்கிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார்.

இல்லை.

வேறொருவராக இருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருப்பார். இவரோ முதலியாரிடமே கையெழுத்துப் பிரதி வாங்கிப் படிக்க உட்கார்ந்தார். சமணக் காப்பியம்; பல இடங்கள் பிடிபடவில்லை. சைவ மடத்தில் தமிழ் கற்றவர், ஊரிலிருந்த சமணர்களைத் தேடிப் போய்ச் சந்தேகம் கேட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை பெருகியது அந்த இடத்தில்தான்.

1887-இல் அவர் பதிப்பில் சிந்தாமணி அச்சாயிற்று. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு.

படிக்காமல் விட்ட ஒரு புத்தகம் ஒரு மனிதரை இப்படித் திருப்பிவிட்டது! கேள்வி கேட்ட முதலியாருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கல்லூரி நாட்களில் இதைப் படித்த பிறகு, தெரியாத நூலின் பெயர் காதில் விழுந்தால் உடனே குறித்துக்கொள்கிறேன். நான் படித்திருக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தோன்றும் ஒரு நூலைச் சொல்லுங்கள்.