வெரிநாக் முதல் வுலர் வரை: காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு நாட்குறிப்பு

அக்டோபர் 21, 2023

ஜம்முவிலிருந்து இருட்டோடு கிளம்பி, நிலச்சரிவுக்குப் பேர்போன ராம்பன் மலைப்பாதையை ஊர்ந்து கடந்து, பிற்பகலில் பனிஹால் – காஸிகுண்ட் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தோம். எட்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள இச்சுரங்கம் 2021-இல்தான் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. மறுமுனையில் வெளிச்சத்துக்கு வந்தபோது, நாள் முழுவதும் நெருக்கிக்கொண்டிருந்த மலைகள் இருபுறமும் விலகிப்போய், அறுவடை முடிந்த நெல் வயல்களும் வைக்கோற் போர்களும் மஞ்சளாகிவிட்ட பாப்லர் மர வரிசைகளுமாக ஒரு சமவெளி விரிந்து கிடந்தது.

காஷ்மீருக்கு வருபவர்கள் பெரும்பாலும் குல்மார்க், சோன்மார்க், பஹல்காம் என்று பனியைத் தேடிப் போகிறார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் தோட்டம், கோயில், மசூதி, ஏரி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்திருப்பது நீர்தான் என்பது என் எண்ணம். ஆகவே நானும் என் மனைவியும் இம்முறை ஜீலம் நதி பிறக்கும் இடத்தில் தொடங்கி, அது வுலர் ஏரியில் கலக்கும் இடம் வரை அதன் போக்கிலேயே செல்வது என்று முடிவு செய்திருக்கிறோம். சம்ஸ்கிருத நூல்கள் விதஸ்தா என்று அழைக்கும் இந்த நதிக்குக் காஷ்மீரிகளின் வாயில் வழங்கும் பெயர் வெத். இன்றிரவு தங்கல் அனந்த்நாகில்.

அக்டோபர் 22

வெரிநாக், அனந்த்நாக், கோகர்நாக் என்று ஊருக்கு ஊர் ‘நாக்’ வருகிறதே, நாக வழிபாடு அவ்வளவு பரவலாக இருந்ததா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். “சாப், எங்கள் பேச்சில் நாக் என்றால் ஊற்று” என்றார் அவர். ஊற்றுகளை நாகங்கள் காக்கின்றன என்ற பழைய நம்பிக்கையில் இரு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன போலும்.

வெரிநாக் ஊற்று, பீர் பஞ்சால் மலையின் அடிவாரத்தில், பைன் மரங்கள் அடர்ந்த சரிவு முடியும் இடத்தில் இருக்கிறது. 1620-இல் ஜஹாங்கீர் அதைச் சுற்றி எண்கோண வடிவில் கல் தொட்டி கட்டினார். தொட்டியைச் சூழ வளைவுகளும், பாரசீக எழுத்துப் பொறித்த கற்களும் இருக்கின்றன. நீரின் நிறத்தை நீலம் என்பதா பச்சை என்பதா என்று தீர்மானிக்க முடியவில்லை. கரையில் அமர்ந்து வெகுநேரம் பார்த்தோம்: குமிழி இல்லை, சலசலப்பு இல்லை, மீன்கள் கூட்டமாக அசையாமல் நின்றன. ஆனால் தொட்டியை விட்டு வெளியேறும் கால்வாயில் அதே நீர் முழு வேகத்தில் தோட்டத்தின் நடுவே நேர்கோடாக ஓடுகிறது. அங்கே கை வைத்தபோதுதான் அந்தக் குளிர்ச்சியும் விசையும் தெரிந்தன. 1627-இல் காஷ்மீரிலிருந்து லாகூர் திரும்பும் வழியில் இறந்த ஜஹாங்கீர், தம்மை வெரிநாக்கிலேயே அடக்கம் செய்ய விரும்பினார் என்று சொல்வார்கள். அவருடைய கல்லறை லாகூரில்தான் அமைந்தது. அந்தத் தொட்டிக் கரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவருடைய விருப்பத்தில் வியப்பு இராது.

மாலையில் அச்சபல். நூர்ஜஹானோடு தொடர்புடைய தோட்டம். ஊற்று நீர் மலையடியிலிருந்து அருவியாகவே இறங்குகிறது. சினார் மரங்கள் பாதி சிவந்துவிட்டன.

அக்டோபர் 23

மட்டன் ஊரில் ஊற்றுக் குளத்தை ஒட்டிய கோயிலில் சிறிது நேரம் நின்றுவிட்டு, மேலே மேட்டு நிலத்திலிருக்கும் மார்த்தாண்ட சூரியன் கோயிலுக்குச் சென்றோம். எட்டாம் நூற்றாண்டில் லலிதாதித்ய முக்தாபீடன் எழுப்பியது. கூரை இல்லை, கருவறைச் சுவர்களும் பாதிதான் நிற்கின்றன. ஆயினும் முற்றத்தைச் சுற்றி 84 தூண்களோடு இருந்த சுற்று மண்டபத்தின் அடித்தளத்தில் நடந்து வந்தால் முழு அளவும் மனத்தில் எழும்பிவிடுகிறது. நீளவாக்கில் வரி வரியாகப் பள்ளம் செதுக்கிய தூண்களும், மூன்று இதழ் போன்ற வளைவுகளும், உயர்ந்த முக்கோண முகப்பும் காஷ்மீரச் சிற்பிகளுக்கே உரியவை. இந்தியாவின் வேறு எந்தப் பகுதிக் கோயிலோடும் இதை ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை.

கோயில் நிற்கும் மேட்டுக்குக் கரேவா என்று பெயர். இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் பெரும் ஏரியாக இருந்தது. அந்த ஏரியில் படிந்த மண்ணே கரேவா மேடுகள் என்கிறது நிலவியல். சதீசரஸ் என்ற ஏரி, காசியப முனிவரின் வேண்டுதலால் மலை பிளக்கப்பட்டு வடிந்து, மக்கள் வாழும் நிலமாயிற்று என்கிறது நீலமத புராணம். புராணமும் நிலவியலும் இவ்வளவு அருகில் வரும் இடம் அரிது.

பிற்பகலில் அவந்திபோரா. ஒன்பதாம் நூற்றாண்டில் அவந்திவர்மன் கட்டிய திருமால் கோயில், வண்டலில் புதைந்து கிடந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டி எடுக்கப்பட்டது. சாலை மட்டத்திலிருந்து படியிறங்கித்தான் முற்றத்துக்குப் போக வேண்டும்.

அந்த மன்னனைவிட என்னைக் கவர்ந்தவன் அவனிடம் பணியாற்றிய சுய்யன். சுய்யா என்ற பெண் கண்டெடுத்து வளர்த்த குழந்தையாதலால் அவள் பெயரே அவனுக்கும் அமைந்தது என்று கல்ஹணர் எழுதிய காஷ்மீர வரலாற்று நூலான ராஜதரங்கிணி கூறுகிறது. வெள்ளமும் பஞ்சமும் நாட்டை வாட்டியபோது, பாறைகள் அடைத்துக் கிடந்த இடத்தில் அவன் பானை பானையாகத் தீனாரக் காசுகளை ஆற்றில் கொட்டினான். எல்லோரும் பித்தன் என்றார்கள். பசியில் வாடிய மக்களோ காசுக்காக ஆற்றில் இறங்கிக் கற்களைப் புரட்டி எடுத்துக் கரையில் போட, அடைப்பு நீங்கி நதி தாழ்ந்தது. பிறகு கரைகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, 200 தீனாரத்துக்கு விற்ற ஒரு காரி (அக்கால அளவை) நெல்லை 36 தீனாரத்துக்குக் கொண்டுவந்தான். பட்டினி கிடந்தவன் கையில் வேலையையும் கூலியையும் ஒரே வீச்சில் கொடுத்த அந்த அறிவை எண்ணிக்கொண்டே முற்றத்தைச் சுற்றி வந்தேன்.

அக்டோபர் 24

பாம்போர். குங்குமப்பூ பூக்கத் தொடங்கியிருக்கிறது. இதுவும் கரேவா மண்தான். நீர் தேங்காமல் வடிந்துவிடும் தன்மை குங்குமப்பூக் கிழங்குக்குத் தேவை. வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும் என்பதால் ஏழு மணிக்கே வயலில் குடும்பம் குடும்பமாகக் குனிந்திருந்தார்கள். இலை கண்ணில் படாமல், வெறும் மண்ணிலிருந்தே ஊதா நிறப் பூ எழுந்து நிற்பதுபோல் இருந்தது.

கூடையோடு நின்ற ஒரு மூதாட்டி என் மனைவியை “பேட்டி” (மகளே) என்று அழைத்து, ஒரு பூவை உள்ளங்கையில் வைத்து இதழ்களை விலக்கிக் காட்டினார். உள்ளே மஞ்சள் நிற மகரந்தத் தண்டு மூன்று, சிவப்பு நிறச் சூல்முடி மூன்று. விலைமதிப்பெல்லாம் அந்தச் சிவப்பு மூன்றுக்குத்தான். ஒரு கிலோ உலர்ந்த குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்கள் தேவை. அவர் கிள்ளிய இழையை விரலில் நசுக்கிய மனைவியின் நகக்கண்ணில் மஞ்சள் இரவு வரை போகவில்லை. 2020-இல் காஷ்மீர்க் குங்குமப்பூவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல செய்தி. ஆனால் மழை தவறும் ஆண்டுகளில் விளைச்சல் சரிகிறது என்பதையே வயலில் எல்லோரும் முதலில் சொன்னார்கள்.

அக்டோபர் 25

விடியுமுன் ஷிகாராப் படகில் டல் ஏரியின் மிதக்கும் சந்தைக்குச் சென்றோம். நெடும் படகுகளில் நூல்கோல், கீரை, முள்ளங்கி, நத்ரு எனப்படும் தாமரைத் தண்டு ஆகியவற்றைக் குவித்துக்கொண்டு, ஃபெரன் அங்கிக்குள் கனல் நிரப்பிய காங்கிரிச் சட்டியை அணைத்தபடி வியாபாரிகள் பேரம் பேசினார்கள். சூரியன் நன்றாக எழுவதற்குள் எல்லாம் கலைந்துவிட்டது. நாணலும் நீர்ப்பாசியும் பின்னி, மேலே மண் பரப்பிய மிதவைத் தோட்டங்களிலும் காய்கறி விளைகிறது. ஏரி சுருங்கி வருவதும், கழிவுநீர் கலப்பதும் கண்கூடு. சில கால்வாய்களில் பாசிப் படலத்தைத் துடுப்பால் விலக்கியே போக வேண்டியிருந்தது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

பிறகு தோட்டங்கள். ஷாலிமார் 1619-இல் ஜஹாங்கீர் தொடங்கியது. நிஷாத் 1633-இல் நூர்ஜஹானின் அண்ணன் ஆசஃப் கான் அமைத்தது. சஷ்மே ஷாஹி சிறியது, ஊற்று நீரைப் பருகக் கூட்டம் வரிசையில் நிற்கிறது. இம்மூன்றில் நிஷாத்துக்கே என் மனம் சாய்கிறது. பன்னிரண்டு படித்தளங்களில் நீர் இறங்கி ஏரியை நோக்கிச் செல்லும்போது, ஏரியே பதின்மூன்றாவது தளம்போல் தோன்றுகிறது. ஷாலிமாரில் நான் நின்றது, நீர்த்திரைக்குப் பின்னால் சுவரில் குடைந்த சிறு மாடங்களின் முன். அம்மாடங்களில் பகலில் மலர்களையும் இரவில் விளக்குகளையும் வைப்பார்களாம். எந்த விசைப்பொறியும் இன்றி, நிலத்தின் சரிவை மட்டும் நம்பி நீரூற்றுகளைப் பீறிடச் செய்த கணக்கு எனக்கு அரண்மனைகளைவிடப் பெரிதாகப் படுகிறது.

அக்டோபர் 26

ஸ்ரீநகரின் பழைய நகரம். ஜாமியா மசூதியின் 378 தேவதாரு மரத் தூண்களிடையே நடந்தோம். நதிக்கரையில் கான்கா-ஏ-மௌலா என்னும் சூஃபி வழிபாட்டிடத்தைப் பார்த்தோம். ஜைனா கதல் பாலத்தில் நின்று கீழே பார்த்தால், வெரிநாக்கில் கை வைத்த அதே நீர் இங்கே கலங்கி, மெதுவாகப் போகிறது. 2014 செப்டம்பரில் இதே நதி ஏறிவந்த உயரத்தைத் தேநீர்க் கடைக்காரர் தம் சுவரில் கை வைத்துக் காட்டினார். அது என் தலைக்கு மேல் இருந்தது.

அக்டோபர் 27

சோபோர் வழியாக வுலர் ஏரிக்கு. சோபோரின் பழைய பெயர் சுய்யபுரம். அந்தச் சுய்யனின் பெயர் ஓர் ஊராக இன்றும் நிற்கிறது! ஆப்பிள் பெட்டிகள் ஏற்றிய லாரிகள் சாலையை அடைத்திருந்தன.

வட்லப் குன்றின் மேலுள்ள பாபா ஷுக்ருத்தீன் தர்காவிலிருந்து ஏரி முழுவதும் தெரிகிறது. 1990 முதல் ராம்சர் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் உள்ள இந்த ஏரிதான் வெள்ளக் காலத்தில் ஜீலத்தின் மிகையைத் தாங்கிக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஏரியின் ஓரங்களில் விறகுக்காக நடப்பட்ட லட்சக்கணக்கான வில்லோ மரங்கள் வண்டலைப் பிடித்து, நீர்ப்பரப்பைக் கரையாக்கிவிட்டன. இப்போது மரங்களை வெட்டி வண்டலை அள்ளுகிறார்கள். சுய்யன் செய்த வேலை ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து மீண்டும் நடக்கிறது.

கீழே கரையில், சிங்காடா என்னும் நீர்க்கொட்டைகளை ஒருவர் படகிலிருந்து கோணிப்பையில் கொட்டிக்கொண்டிருந்தார். அரைக் கிலோ வாங்கினோம். வேகவைத்து உடைத்துத் தின்னும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர் படகைத் திருப்பிக்கொண்டு நாணல்களுக்கிடையே மறைந்தார்.