நைட்ரைட் குறைந்தால் அழற்சி குறைந்ததாகுமா?

மூலிகைச் சாறு அழற்சியைத் தணிக்குமா என்று பார்க்க, பல ஆய்வகங்களும் முதலில் எடுப்பது சுண்டெலியின் ரா 264.7 மேக்ரோஃபேஜ் (நோய் எதிர்ப்பு) செல்களைத்தான். 96 குழிப் பிளேட்டில் செல்களை ஒட்டவிட்டு, சாறு கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் எல்பிஎஸ் (அழற்சியைத் தூண்டும் பாக்டீரியாச் சுவர்ப் பொருள்) சேர்த்து, 24 மணி நேரம் விடுவது வழக்கம். தூண்டப்பட்ட செல்கள் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும்; அது ஊடகத்தில் நைட்ரைட்டாக மாறி நிற்கும். பிறகு மேலே நிற்கும் ஊடகத்தோடு சம அளவு கிரீஸ் கரைசல் சேர்த்தால், நைட்ரைட்டுக்கு ஏற்ப இளஞ்சிவப்பு ஏறும். 540 நானோமீட்டரில் அளக்கலாம். சாறு விட்ட குழி வெளிறியிருந்தால் சந்தோஷம்தான். ஆனால் அப்போதுதான் வேலையே ஆரம்பிக்கிறது.

செத்த செல்லும் நைட்ரிக் ஆக்சைடு தராது. அதனால் அதே பிளேட்டில் எம்டிடி (உயிருள்ள செல் ஊதாவாக்கும் மஞ்சள் சாயம்) பார்த்தாக வேண்டும். அதிலும் ஒரு வம்பு: பாலிஃபீனால்கள் செல்லின் உதவியே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கிவிடும், செத்த குழியும் உயிருள்ளதுபோல் காட்டும். சாற்றை உறிஞ்சியெடுத்து, பஃபரால் கழுவிய பிறகே எம்டிடி விட வேண்டும். செல் இல்லாத ஒரு குழியில் சாறும் எம்டிடியும் மட்டும் வைத்தால் குட்டு வெளிப்படும்.

அடுத்தது கிரீஸ் வினையையே சாறு கெடுப்பது. அஸ்கார்பிக் அமிலம் போன்ற ஒடுக்கிகள் நைட்ரைட்டையே தின்றுவிடும். செல் இல்லாத ஊடகத்தில் 50 மைக்ரோமோலார் சோடியம் நைட்ரைட்டும் சாறும் கலந்து அளந்து பாருங்கள். 50 வராவிட்டால் அந்தச் சாற்றின் நைட்ரைட் கணக்கை நம்ப முடியாது. பச்சையம் மிகுந்த சாற்றுக்கு அதன் சொந்த நிறத்தையும் கழிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இலையில் ஒட்டிய பாக்டீரியாக்களின் எண்டோடாக்சின், அதாவது எல்பிஎஸ், சாற்றோடு வந்துவிடும். ஆட்டோகிளேவ் அதை முழுதாக அழிக்காது. எல்பிஎஸ் இல்லாமல் சாறு மட்டும் விட்ட குழியிலும் நைட்ரைட் ஏறினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். எண்டோடாக்சினைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்ததும் அது இறங்கினால் சந்தேகம் வலுக்கும்.

கரைப்பானில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சாறு கொண்ட கரைசலை ஆயிரத்தில் ஒன்றாக நீர்த்தால் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சாறு, 0.1 சதவீத டிஎம்எஸ்ஓ. கண்ட்ரோல் குழிக்கும் அதே 0.1 சதவீதம். பிப்பெட் நுனியிலிருந்து பால்போல ஒரு நூல் இறங்கினால் சாறு படிந்துவிட்டது. அந்தச் செறிவின் எண்ணைத் தாளில் எழுதாதீர்கள்.

முட்டை அல்புமினை 70 டிகிரியில் சூடாக்கிக் கலங்கலை அளக்கும் எளிய சோதனையை (சாறு புரதம் உருக்குலைவதைத் தடுத்தால் கலங்கல் குறையும்) தனியாக வைத்து முடிவு சொல்வது எனக்கு ஒப்பவில்லை. டானின் நிறைந்த சாறு புரதத்தோடு சேர்ந்து, சூடு ஏறும் முன்பே கலங்கும். சூடாக்காத குழாய் ஒன்றையாவது பக்கத்தில் வையுங்கள்.