சிதம்பரத்து ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு

அண்ணாமலைப் பல்கலையில் புதுசா சேர்ந்த தம்பிங்க இன்பாக்ஸில் கேட்கிறாங்க: "ஞாயித்துக்கிழமை எங்கண்ணே போறது?"

பிச்சாவரம் அலையாத்திக் காடுதான், வேறென்ன! சுமார் 15 கிலோமீட்டர், டவுன் பஸ்ஸே போதும். ஆனா காலையிலேயே கிளம்பிடுங்க. பதினோரு மணி வெயிலில் படகில் உட்கார்ந்தா மண்டை காய்ஞ்சிடும். மோட்டார் படகு வேண்டாம். அது அகலமான வாய்க்காலோடு திரும்பிடும். நாலஞ்சு பேர் சேர்ந்து துடுப்புப் படகு எடுங்க. சுரபுன்னை மரத்தோட வேர்கள் ரெண்டு பக்கமும் வளைஞ்சு நிக்கிற சந்துக்குள்ள அதுதான் நுழையும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உப்புத்தண்ணியும் நல்லதண்ணியும் கலக்குற இடம் அது. 2004 சுனாமியில் பின்னாடி இருந்த ஊர்களுக்கு அலையோட வேகத்தைக் குறைச்சது இந்தக் காடு. செல்ஃபிக்காகக் கிளையை ஒடிக்காதீங்க. தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டா பார்வைக்கே ஆபத்து. (நடராசர் கோயில் தலமரமும் அதேதான்!)

பரங்கிப்பேட்டையும் பக்கத்துலதான். நம்ம பல்கலையோட கடல் உயிரியல் மையம் அங்கே இருக்கு. விலங்கியல் பிள்ளைங்க கட்டாயம் போங்க, மத்தவங்க உங்க இஷ்டம்.

முழு நாள் கிடைச்சா சீர்காழி வழியா தரங்கம்பாடி. டேனிஷ்காரங்க 1620ல் கட்ட ஆரம்பிச்ச கோட்டை, கடலைப் பார்த்தபடி நிக்குது. 1706ல் வந்திறங்கின ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் புத்தகம் அச்சடிச்ச ஊரும் இதுதான். கோட்டையைச் சுத்திட்டு, கடல் அரிச்சு மிச்சமிருக்கிற மாசிலாமணிநாதர் கோயிலையும் பாருங்க. அங்கே கடலில் மட்டும் இறங்காதீங்க, கரையெல்லாம் பாறாங்கல்.

பூம்புகாரா? அதுக்குத் தனியா ஒரு ஞாயிறு வேணும் தம்பிகளா, ஒரே நாளில் திணிக்காதீங்க.