துணி அலமாரியில் பூசணம்: வேலைக் குறிப்புகள்

ஜூன் 14
கதவைத் திறந்ததும் ஓத வாடை. மேல்தட்டுகள் சுத்தமாக இருக்கின்றன. கீழ்த்தட்டின் பின்மூலையில், சுவரை ஒட்டிய பலகையில், சாம்பலும் பச்சையுமாகப் புள்ளிகள். கடுகளவில் தொடங்கி வட்ட வட்டமாகப் பரவியிருக்கின்றன. தோல் பெல்ட்டின் தையல் ஓரத்தில் மாவு ஒட்டியதுபோல வெள்ளைப் படலம். தட்டிவிடக் கூடாது. பறப்பது வெறும் தூசு அல்ல, பூசணத்தின் வித்து. அடுத்த தட்டில் போய் உட்காரும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் துடைப்பது வீண் வேலை, அதே இடத்தில் மறுபடி பூக்கும். அதனால் இன்று துடைக்கவில்லை.

ஈரப்பதமானியை மட்டும் சோதனைக்கு வைத்தாயிற்று: ஒரு மூடியில் உப்பு, ஈரமணல் பதம் வரச் சில துளி தண்ணீர், மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் 12 மணி நேரம். மீட்டர் சரியாக இருந்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும்.

ஜூன் 15
மீட்டர் 79 காட்டியது. இனி எல்லா அளவிலும் 4 கழிக்க வேண்டும். கழித்த பிறகு: அறை நடுவில் 66, அலமாரிக்குள் 76, சுவருக்கும் பின்பலகைக்கும் நடுவே 87. 80-க்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பூசணத்துக்குப் போதும்.

சுவர் கசிகிறதா, காற்று பனிக்கிறதா? அலமாரியை நகர்த்தி, ஓரடிச் சதுர பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டியிருக்கிறது. இரண்டு நாள் இருக்கட்டும்.

ஜூன் 17
ஷீட்டின் உள்பக்கம் உலர்ந்திருக்கிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் பொடிப்பொடியாக நீர்த்துளி. ஆக, சுவரில் கசிவு இல்லை. இரவெல்லாம் ஏசி 22-இல் ஓடிச் சுவரையும் பலகையையும் குளிரவைக்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்ததும் வெளிப்புழுக்கம் உள்ளே வருகிறது. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்று, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீராகும். அலமாரிக்குப் பின்னால் காற்றோட்டமும் இல்லாததால் அந்த நீர் காய வழியே இல்லை.

ஜூன் 18
துடைக்கும் நாள். என்95 மாஸ்க், கையுறை. மின்விசிறி நிறுத்தம், அறைக்கதவு மூடல், ஜன்னல் திறப்பு. துணிகளைப் பையில் கட்டி வெளியேற்றிய பிறகே பலகையில் கை வைக்க வேண்டும்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். துணியைச் சொட்டாமல் பிழிந்து, ஒரே திசையில், ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப்பக்கம். காய்ந்ததும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்; பக்கத்தில் தீ கூடாது. பாலிஷ் போட்ட மரமானால் ஓரத்தில் சிறிது தடவிப் பார்த்துவிடுங்கள், வெளுக்கும்.

ப்ளீச் இங்கே உதவாது. குளோரின் மேற்பரப்பில் கறையை வெளுக்கும். அதிலுள்ள தண்ணீர் பலகைக்குள் இறங்கும். ப்ளீச்சை வினிகரோடு கலப்பது ஆபத்து, குளோரின் வாயு கிளம்பும்.

பின்பலகையின் கீழ் ஓரம் ஊறி உப்பியிருக்கிறது. ஊறிய எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) பழைய நிலைக்கு வராது, மாற்றியே ஆக வேண்டும்.

ஜூன் 19
பருத்தித் துணி 60 டிகிரித் தண்ணீரில். பட்டும் கம்பளியும் டிரை கிளீனிங்குக்கு. பெல்ட்டை ஆல்கஹால் தொட்ட துணியால் லேசாகத் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும்.

ஜூன் 21
புதுப் பின்பலகை போட்டாயிற்று. அலமாரி இப்போது சுவரிலிருந்து 8 செ.மீ. தள்ளி நிற்கிறது. ஏசி 26-இல். காலையில் ஏசியை நிறுத்தியதும் ஜன்னலைத் திறப்பதில்லை. சுவர் சூடேறும் வரை விசிறி மட்டும்.

உள்ளே ஈரம் உறிஞ்ச 500 கிராம் சிலிக்கா ஜெல் மணிகள். ஆரஞ்சு மணி பச்சையானால் 120 டிகிரி ஓவனில் உலர்த்தித் திரும்ப வைக்கலாம். கதவு இறுக மூடாத அலமாரியில் இது பயன் தராது, அறை ஈரத்தையே குடித்துக்கொண்டிருக்கும். கால்சியம் குளோரைடு டப்பா இன்னும் அதிகம் இழுக்கும், ஆனால் அதில் சேரும் திரவம் சிந்தினால் தோல் பொருள் பாழ். நாப்தலின் உருண்டை பூச்சிக்கு மட்டுமே, ஈரத்தைத் தொடாது.

ஜூலை 5
பின்னால் 63, உள்ளே 58. மூலையில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்ததில் புள்ளி இல்லை. பெல்ட்டின் தையலில் மட்டும் மெல்லிய படலம் திரும்பியிருக்கிறது. இரண்டாம் முறை துடைத்து, தனியே வெளியில் தொங்குகிறது.