ஏ.எம்.சி. ஷார்ட் சர்வீஸ்: இன்டர்வியூவைவிட அட்டெம்ப்ட் சர்டிபிகேட்தான் பாடாய்ப் படுத்தியது

ராணுவ மருத்துவப் பிரிவான ஏ.எம்.சி.யில் ஷார்ட் சர்வீஸ் கமிஷனுக்கு, அதாவது குறுகிய கால அதிகாரி பணிக்கு விண்ணப்பிக்கப் போகும் டாக்டர்கள் முதல் வேலையாகப் படித்த கல்லூரிக்குப் போய் அட்டெம்ப்ட் சர்டிபிகேட்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஆன்லைன் விண்ணப்பம், கட்டணம், அழைப்புக் கடிதம் எதிலும் எனக்குச் சிக்கல் வரவில்லை.

இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். முதல் பகுதி, இரண்டாம் பகுதி இரண்டையும் இரண்டு முயற்சிக்குள் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. அதற்கான அத்தாட்சிதான் இந்தச் சான்றிதழ். கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மார்க் ஷீட்லயே இருக்கே, தனியா எதுக்கு? யுனிவர்சிட்டில கேளுங்க" என்றார். பல்கலைக்கழகத்தில் கேட்டால், "டீன் கையெழுத்து போட்டுக் காலேஜ்லதான் தரணும்" என்றார்கள். திரும்பி வந்தால் அந்த எழுத்தர் விடுப்பு. கடைசியில் கையில் கிடைத்த தாளில் 'அனைத்துத் தேர்வுகளிலும் தேர்ச்சி பெற்றுள்ளார்' என்று ஒரே வரி! எத்தனையாவது முயற்சி என்ற விவரமே இல்லை. இன்டர்வியூ தேதி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஒவ்வொரு தேர்வுக்கும் மாதம், வருடம், முயற்சி எண் என்று கட்டம் போட்டு நானே டைப் செய்து, மதிப்பெண் பட்டியல் நகல்களோடு நேராகக் கண்காணிப்பாளரிடம் நீட்டினேன். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அன்று மாலையே டீன் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கொடுத்தார். ஆகவே மாதிரியை நீங்களே தயார் செய்து கொண்டு போங்கள்.

அடுத்த தலைவலி நம்ம ஊர் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி வைத்தேன். சரிபார்ப்பில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு மறு கேள்வி கேட்காமல் ஃபைலில் சேர்த்துக்கொண்டார். அது இல்லாமல் வந்த ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டுத் தவித்ததைப் பார்த்தேன்.

இன்டர்வியூ டெல்லி கன்டோன்மென்ட்டில், ராணுவ ஆர் அண்டு ஆர் மருத்துவமனையில். மருத்துவக் கேள்விகள் இரண்டு மூன்றுதான். அப்புறம் ஒருவர், "எங்கள் பேட்ஜில் எத்தனை பாம்பு?" என்று கேட்டார். ஒன்று. கிரேக்க மருத்துவக் கடவுள் அஸ்க்லேபியஸின் தடியைச் சுற்றிய ஒற்றைப் பாம்பு. இரண்டு பாம்பும் இறக்கையும் உள்ளது, கிரேக்கத் தூதுக் கடவுள் ஹெர்மஸின் கோல். அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு 1902 முதல் அதைத்தான் அணிகிறது. நம் ஏ.எம்.சி. உருவான நாளும் (1943 ஏப்ரல் 3) 'சர்வே சந்து நிராமயா' என்ற குறிக்கோள் வாசகமும் தெரியாமல் உள்ளே போகாதீர்கள். எல்லோரும் நோயின்றி இருக்கட்டும் என்பது பொருள்.

டாக்டர்கள் காரில் சிவப்புச் சிலுவை ஒட்டலாமா என்றும் கேட்டார்கள். கூடாது. 1960ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தச் சட்டம் அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. போர்க்களத்தில் மருத்துவர் இடது கையில் சிவப்புச் சிலுவைப் பட்டையோடுதான் காயம்பட்டவரிடம் போகிறார். சுடாதே என்று எதிரிக்குச் சொல்வது அது ஒன்றுதான். கிளினிக் போர்டிலும் ஸ்கூட்டரிலும் அதை ஒட்டி மலிவாக்கியிருக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த வருத்தத்தையும் சொன்னேன். குழுவில் மூத்தவர் தலையாட்டினார்.

மெடிக்கல் போர்டில் என்னை 'ஷேப் 1', அதாவது முழு உடல்தகுதி என்று எழுதினார்கள். ஆனால் கூட வந்த ஒருவர் காதுக் குறும்பியால் தடுமாறினார். செவிப்பறை தெரியவில்லை என்றால் 'தற்காலிகத் தகுதியின்மை' என்று எழுதிவிடலாம். ஊரிலேயே இ.என்.டி. டாக்டரிடம் சுத்தம் செய்துகொண்டு போங்கள். எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வானவர் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. இனி லக்னோவில் பயிற்சி. முதல் முறை இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டையும் கேன்சல் செய்த செக் ஒன்றையும் சான்றிதழ் ஃபைலிலேயே வைத்திருங்கள்.