"பொடியன் குடிக்கிறவனா?"

தம்பிக்கு ஈரலில் கட்டி என்று ஊருக்குத் தெரிந்த அன்றிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கேட்டது இதைத்தான். கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து ஒருவர் கேட்டபோது, உள்ளே திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. தம்பிக்கு 21 வயது. பியர்கூட வாயில் வைத்ததில்லை, செங்கமாரியும் வந்ததில்லை.

முதல் நான்கு மாதம் கேஸ்டிக் என்றே போனது. வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்குது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்புது என்பான், நாங்களும் குளிசை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். ஒரு நாள் ஆணியைச் சூடாக்கி பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஸ்கானில் பெரிய கட்டி. ஆனால் ஈரல் புற்றுநோய்க்குப் பார்க்கிற ஏஎஃப்பி இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது, ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை, ஈரலும் சுருங்கவில்லை. அதனால் ஓரிடத்தில் "பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் நிம்மதியாகத் திரும்பி வந்தோம். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

மாமிதான் விடவில்லை. "இன்னொருத்தருக்கும் காட்டு மனே" என்று நின்றார். சீடி ஸ்கானில் கட்டியின் நடுவே தழும்பு போல ஒன்று தெரிந்தது. ராகம போதனா வைத்தியசாலையில் ஈரலின் வலது பக்கத்தையும் பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும் வெட்டியெடுத்தார்கள். மிச்ச ஈரல் மறுகா வளரும் என்று டொக்டர் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினார்.

நோயின் பெயர் ஃபைப்ரோலமெல்லர் கார்சினோமா. பெரும்பாலும் நல்ல ஈரல் உள்ள இளம் ஆட்களுக்கே வருமாம். ஏஎஃப்பி கூடாமல் இருப்பதே இதன் வழக்கம், ஆகவே இரத்தம் சரி என்பதை வைத்துக் கட்டியை விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. வழக்கமான கீமோவுக்கு இது பெரிதாகப் பிடிகொடுப்பதில்லை, முழுதாக வெட்டி எடுப்பதுதான் முதல் வழி. அப்புறமும் திரும்பி வரக்கூடிய நோய், ஸ்கானைத் தள்ளிப்போடவே முடியாது.

ரயிலில் திரும்பும்போது தம்பி போனில் ஒன்று வாசித்துக் காட்டினான். இந்தக் கட்டியின் செல்களில் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றாக ஒட்டியிருப்பதை 2014இல் அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த ஆய்வில் பங்கெடுத்த எலானா சைமன் என்ற பிள்ளைக்கே 12 வயதில் இந்த நோய் வந்ததாம். அது பரம்பரையாக வருவதில்லை, கட்டிக்குள்ளேயே நடப்பது. "அக்கா, நான் செய்த ஒன்றாலயும் இது வரல்ல" என்றான். வாழைச்சேனை தாண்டும்வரை இருவரும் பேசவில்லை.

மூன்று வருடமாகிறது. ஸ்கான்கள் இதுவரை சுத்தம். இப்போது யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் அம்மாவே திருவலையை விட்டு எழும்பி வந்து, மரபணு ஒட்டின கதையை முதலிலிருந்து சொல்கிறார்.