கதவு தட்டும் ஓசைக்கு மூன்று வகுப்புகள்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இலக்கியம், நாடகம், சினிமா மூன்றுக்கும் ஒரே துறை. முதுகலைக்கு நான் அங்கே விண்ணப்பித்ததற்கு அதுதான் காரணம். நம் ஊரில் இந்த மூன்றையும் மூன்று இடங்களில் தேட வேண்டும். இலக்கியத்துக்கு ஏதாவது ஒரு கலைக் கல்லூரி, நாடகத்துக்குப் பாண்டிச்சேரி, சினிமாவுக்குத் தரமணி. மேடையிலிருந்து நேராகத் திரைக்குப் போன நடிகரையும், நாடகத்தையும் திரைவசனத்தையும் ஒரே பேனாவால் எழுதியவர்களையும் முதலமைச்சர்களாக்கிப் பார்த்த ஊர் நம்முடையது. அங்கே இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அம்மாவுக்கு வேறு குழப்பம். "எம்.ஏ. படிக்கப் போறேன்னு கடன் வாங்கிட்டுப் போய், அங்க உக்காந்து சினிமா பாக்குறியாடி?" என்று போனில் கேட்டார். ஆமாம் என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஒரு படம் பாடத்திட்டத்திலேயே இருந்தது.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கோல்செஸ்டர். ரோமானியர் காலத்து ஊர். அங்குள்ள நார்மன் கோட்டையே கிளாடியஸ் பேரரசருக்குக் கட்டிய கோயிலின் அடித்தளத்தின் மேல்தான் எழும்பியிருக்கிறது. பல்கலைக்கழகமோ 1960களில் முளைத்தது. ஊருக்கு வெளியே வைவன்ஹோ பூங்காவில் இருக்கிறது. 1816இல் ஜான் கான்ஸ்டபிள் வரைந்த அதே பூங்கா. அவருடைய ஓவியத்தில் ஏரியும் மேயும் மாடுகளும் இருக்கும். இப்போது ஏரி மட்டும் மிச்சம். பக்கத்தில் கான்கிரீட் சதுக்கங்கள், கெய்ன்ஸ், ரஸ்ஸல் என்று அறிஞர்களின் பெயர் வைத்த விடுதிக் கோபுரங்கள். முதலில் பார்த்தபோது மின்வாரியக் குடியிருப்பு மாதிரி இருந்தது. நூலகத்தில் பேட்டர்நாஸ்டர் என்று கதவில்லாத லிப்ட் ஒன்று உண்டு. எந்தத் தளத்திலும் நிற்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். அது ஓடும்போதே உள்ளே கால் வைக்க வேண்டும், ஓடும்போதே வெளியே வர வேண்டும். சென்னை மாநகரப் பேருந்தில் பழகியவளுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

இலக்கியத் துறையைத் தொடங்கிவைத்தவர் டொனால்ட் டேவி என்ற கவிஞர். ஆங்கிலத்தை மட்டும் தனியாகப் படிக்காமல் பிறமொழி இலக்கியங்களோடு சேர்த்துப் படிக்கும் வழக்கம் அங்கே ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவல் அங்கே பாடம் எடுத்திருக்கிறார். 2010இல் டெரெக் வால்காட் கவிதைப் பேராசிரியராக வந்தார். நோபல் பரிசு அவரைக் கவிஞர் என்றுதான் உலகுக்குக் காட்டியது. ஆனால் அவர் டிரினிடாடில் நாடகக் குழு ஒன்றை 1959இலேயே ஆரம்பித்து வருடக்கணக்கில் நடத்தியவர். இப்படிப்பட்ட ஆட்களை எந்தத் துறையில் உட்காரவைப்பது என்ற கேள்வியே இங்கே எழாது.

சரி, மூன்றையும் சேர்த்துப் படிப்பது என்றால் என்ன? எனக்கு அது புரிந்தது ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில். மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு மேக்பெத்தும் அவன் மனைவியும் ரத்தக் கையோடு நிற்கிறார்கள். அப்போது கோட்டை வாசலை யாரோ தட்டுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து, போதை தெளியாத வாயிற்காவலன் புலம்பிக்கொண்டே கதவைத் திறக்க வருகிறான். இளங்கலையில் இந்த இடத்தைக் கைடு புத்தகத்தில் "நகைச்சுவை இடைவேளை" என்று படித்து ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன்.

இங்கே இலக்கிய செமினாரில், ஆங்கிலக் கட்டுரையாளர் தாமஸ் டி குவின்சி இந்தத் தட்டலைப் பற்றி 1823இல் எழுதிய கட்டுரையை முன்பே படித்துவிட்டு வரச் சொன்னார்கள். சின்ன வயதிலிருந்தே அந்தத் தட்டல் ஓசை அவரை ஏதோ செய்திருக்கிறது, ஏன் என்று விளங்கவில்லை. கடைசியில் அவர் கண்டுபிடித்த காரணம் இது. கொலை நடக்கும்போது சாதாரண மனித உலகம் அப்படியே நின்றுபோகிறது. கதவு தட்டப்படும்போது அந்த உலகத்தின் நாடி மறுபடி துடிக்கிறது. நின்றிருந்தது என்பதே அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. படித்துவிட்டு நானும் தலையாட்டினேன். அருமையான வாசிப்பு, அவ்வளவுதான்.

அதே வாரம் நாடக வகுப்பு. மேசை நாற்காலி இல்லாத, சுவரெல்லாம் கறுப்பு அடித்த அறை. பிரதியில் "உள்ளே தட்டல்" என்று ஒரு சொல்லோ இரண்டு சொல்லோதான் இருக்கிறது. உள்ளே என்றால் மேடைக்குப் பின்னால். எத்தனை முறை, எதன் மேல், எவ்வளவு பலமாக என்று ஷேக்ஸ்பியர் சொல்லவில்லை. ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தித் தட்டச் சொன்னார்கள். வேகமாகத் தட்டினால் தபால்காரர் வந்த மாதிரி இருந்தது. நிதானமாகத் தட்டினால் பேய்ப்படம். உள்ளே நின்ற எனக்கு வசனம் இல்லை, கையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் நடுவே எங்கே பார்ப்பது, மூச்சை எப்போது விடுவது என்று தெரியாமல் உடம்பே விறைத்துப்போனது. நின்றுபோன உலகம் என்று டி குவின்சி எழுதியதற்கு என்ன அர்த்தம் என்பது என் முழங்காலுக்கு அங்கேதான் தெரிந்தது.

அப்புறம் சினிமா வகுப்பு. ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1957இல் மேக்பெத் கதையை ஜப்பானுக்குக் கொண்டுபோய் எடுத்த படம். ஷேக்ஸ்பியரின் வசனம் ஒரு வரிகூடக் கிடையாது. கொலைக்கு முன்னால் மனைவி ஓர் இருட்டறைக்குள் நடந்துபோய் மறைகிறாள். மயக்கமருந்து கலந்த மதுவோடு திரும்பி வருகிறாள். பேச்சு இல்லை, அவளுடைய பட்டு அங்கி உரசும் ஓசை மட்டும்தான். கேமரா அவளுக்குப் பின்னால் போகாமல் அப்படியே நிற்கிறது. மேடையில் நம் கண் போகும் இடத்தை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இங்கே இன்னொருவர் நமக்காக முடிவு செய்துவிட்டு ஓசையை மட்டும் நம் காதில் விடுகிறார். மூன்று வகுப்புகளையும் மூன்று வருட இடைவெளியில் படித்திருந்தால் இவற்றை ஒன்றோடொன்று உரசிப் பார்க்க எனக்குத் தோன்றியிருக்காது.

செமினாரில் ஊர்ச் சரக்கு எதையாவது கொண்டுவந்து பேசலாம் என்றார்கள். நான் பராசக்தியை எடுத்தேன். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகமாக மேடையில் ஓடி, கருணாநிதி வசனத்தில் 1952இல் திரைக்கு வந்தது. நீதிமன்றக் காட்சியைப் போட்டுக் காட்டிவிட்டு, எங்கள் ஊரில் படங்களின் ஒலியை மட்டும் வெட்டி ஒலிச்சித்திரம் என்று வானொலியில் போடுவார்கள், மக்கள் உட்கார்ந்து கேட்பார்கள் என்றேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. படமே இல்லாத சினிமாவா? அது நாடகமா, இலக்கியமா என்று அரை மணி நேரம் விவாதம். கிரேக்கத்திலிருந்து வந்த ஒரு தோழி ஒரு வார்த்தையும் புரியாமலே அந்த வசனத்தை மறுபடி கேட்க வேண்டும் என்றாள். ஊரில் யாரும் பாடமாக மதிக்காத விஷயம் அது.

மற்றபடி வாழ்க்கை எல்லா மாணவர்களுக்கும் உள்ளதுதான். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. நான் ஒரு காபிக் கடையில் கோப்பை கழுவினேன். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், ஒத்திகைக்குப் போகும்போதே இருட்டு. நூற்றுக்கு 70 வாங்கினால் டிஸ்டிங்ஷன் என்பதை அம்மாவை நம்பவைக்க முடியவே இல்லை.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் சனிக்கிழமை லண்டன். தேம்ஸ் கரையில் பி.எஃப்.ஐ. சவுத்பேங்க் என்ற திரையரங்கும் நேஷனல் தியேட்டர் என்ற நாடக அரங்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. 25 வயதுக்குள் இருந்தால் இரண்டிலும் மலிவு டிக்கெட் கிடைக்கும். அங்கிருந்து கரையோரமாகவே நடந்தால் ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கான குளோப் அரங்கு. 1613இல் தீயில் போன பழைய அரங்கின் மாதிரியில் 1997இல் திறந்தது. மேடைக்கு முன்னால் கூரையில்லாத முற்றத்தில் நின்று பார்ப்பதற்குத்தான் மிகக் குறைந்த விலை. மழை வந்தால் நனைய வேண்டியதுதான், குடை விரிக்க விடமாட்டார்கள். தெருக்கூத்து பார்க்கிற மாதிரி கூட்டத்தோடு நின்று ஷேக்ஸ்பியர் பார்ப்பது உட்கார்ந்து பார்ப்பதைவிட நூறு மடங்கு மேல். நடிகர்கள் நம்மைப் பார்த்தே பேசுகிறார்கள், நாமும் சும்மா இருக்க முடியாது. திரும்பும் வழியில் ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கி ஈஸ்ட் ஹாமுக்குப் போய், கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு கடைசி ரயிலைப் பிடிப்பேன்.

ஒலிச்சித்திரமே ஆய்வேட்டுக்கும் தலைப்பானது. நாடகத்திலிருந்து ஒருவரும் சினிமாவிலிருந்து ஒருவருமாக இருவர் பார்த்துத் திருத்தினார்கள். நாடகக்காரர் குரலைப் பற்றி இன்னும் எழுது என்பார். சினிமாக்காரர் கேட்பவர்கள் மனதுக்குள் எந்தப் படம் ஓடியது என்று கேள் என்பார். அந்தக் கேள்வியை நான் அம்மாவிடம் கேட்டேன். "படம் எதுக்குடி ஓடணும்? காது குடுத்தாப் போதாதா, அரிசி களைய வேண்டாமா?" என்றார். அதை அப்படியே இரண்டாம் அத்தியாயத்தில் சேர்த்தேன். இருவரில் யாருமே அதை அடிக்கவில்லை.